வாக்கர் பிடிக்கும் எனக்கு வாய்த்த நாய்

"…குட்டி நாய்தானேக்கா, மடியில தூக்கி வச்சுக்கிட்டா வேலை முடிஞ்சுது!" என்று பொமரேனியன் குட்டியைக் கூடத்தில் இறக்கிவிட்டான் பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரம் செய்யும் என் தம்பி. இடுப்பில் ஆபரேஷன் ஆகி வாக்கர் பிடித்து நடக்கும் எனக்குத் துணையாம்.

அவன் காபி குடித்து முடிப்பதற்குள், கழுத்துப்பட்டை மாட்டலாமென்று குனிந்தேன். துறுதுறு குட்டி வாக்கர் கால்களுக்குள் புகுந்து ஓட, சாய்ந்துவிட்டேன். நல்லவேளை, அறுவடை முடிந்து அடுக்கியிருந்த நெல் மூட்டைமேல் விழுந்தேன். தரையென்றால் இடுப்பு மறுபடி போயிருக்கும்.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்க்கா!" என்று ஓடிவந்தான்.

"முதல்ல என்னைத் தூக்குடா, அதை அப்புறம் அடிச்சுக்கலாம்" என்றேன்.

நாய் சின்னதாக இருந்தால் அதற்கேற்ப நாம்தான் குனிய வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் வாக்கரோடு நானே நாய் பார்க்கப் போனேன். வெளிநாடு கிளம்பும் தெரிந்த குடும்பத்தில் சப்பை மூக்கோடு நடுவயது பக் நாய் ஒன்று இருந்தது. அதுவும் குட்டைதான்; ஆனால் வாக்கரை முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் படுத்தது. குட்டை ஸ்டூலைத் தட்டியதும் ஏறி உட்கார்ந்தது. நாற்காலியில் இருந்தபடியே பட்டை மாட்டி அழைத்துவந்தேன். இப்போது அதற்குப் பட்டையும் சாப்பாடும் ஸ்டூல்மேல்தான். நான் குனிவதே இல்லை.

பக் வந்த அன்று மாலையே பொமரேனியனை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான் தம்பி. கார் நகருமுன் அது அவன் வெள்ளை வேட்டியை நனைத்துவிட்டது.

"வேலை முடிஞ்சுதாடா?" என்றேன்.

தோள் துண்டை எடுத்து மடியில் விரித்து, குட்டியை மறுபடி அதன்மேல் வைத்துக்கொண்டான்.