'ற'வா, 'று'வா?

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வயது ஐம்பத்து மூன்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. நாள் முழுக்க இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, "இது தெளிவா, அதுவா?" என்று லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போடுவேன். கண்ணாடியே வேண்டாம் என்று முரண்டு பிடிக்கிறவர்களிடம், "இதுல என்னங்க வெட்கம்? குறைன்னா சரிபண்ணிக்க வேண்டியதுதானே" என்று வாய் கூசாமல் உபதேசம் செய்வேன். அதே மேசையின் இழுப்பறையில், பழைய பிரேம்களுக்கு அடியில், என் காதுக் கருவி ஆறு மாதமாகப் பெட்டி பிரிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது.

வலது காது பாதி போய்விட்டது. இடது காதும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. மனைவிக்கு மட்டும் தெரியும். வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். எல்லாம் ஒரு கயிற்றுக்காக.

சனிக்கிழமை பாறை, ஞாயிற்றுக்கிழமை கடல் என்று நாங்கள் மூன்று பேர் நான்கு வருஷமாக அலைகிறோம். இதில் என்னை இழுத்துவிட்டவர் என் சகலை. லிப்ட் மெக்கானிக். ஐந்து நாள் மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டு, ஆறாம் நாள் தானும் எதிலாவது ஏறாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. மூன்றாவது ஆள் அவருடைய பக்கத்து வீட்டுத் தமிழ் டீச்சர். நான் பாறை ஏறும் அழகைச் சொல்லாமல் விடுவதே மரியாதை. ஆளுயரம் போவதற்குள் முழங்கால் தந்தியடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் கீழே நின்று கயிறு பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஏறுகிறவர் இடுப்பில் கட்டிய கயிறு, உச்சியிலுள்ள வளையத்தில் நுழைந்து திரும்பி, என் இடுப்புக் கருவிக்குள் வரும். அவர் வழுக்கினால் நான்தான் நிறுத்த வேண்டும். தொண்ணூற்றாறு கிலோ, அசைவேனா? "நங்கூரம்" என்று பெயர் வைத்தார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பட்டம் அது. காது கேட்காது என்று தெரிந்தால் எவர் என்னை நம்பி ஏறுவார்? அதனால் ஒரு வித்தை பழகிக்கொண்டேன். யார் எது சொன்னாலும் உதட்டைப் பார்த்து, "ஆமா, ஆமா."

பாறையில் எங்களுக்கு இரண்டே சொல். கயிற்றை இழுத்துப் பிடிக்க "இறுக்கு". கீழே விட "இறக்கு". 'ங்க' எல்லாம் கிடையாது. உயிர் ஊசலாடும்போது மரியாதைக்கு ஏது நேரம்?

டீச்சருக்கு நெட்டைப் பாறை ஒன்று பாக்கி இருந்தது. மூன்று வருஷமாகப் பாதியோடு திரும்பிக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை உச்சிக்கு இரண்டு கை தூரம்தான். சகலை தண்ணீர் எடுக்க வண்டிக்குப் போயிருந்தார். நல்ல காற்று. மேலேயிருந்து ஒரு கத்தல் வந்தது. எனக்குக் கேட்டது "இறக்கு". பாவம், களைத்துவிட்டார் என்று பூப்போல இறக்கினேன். இன்னும் பலமாகக் கத்தினார். அவசரம் போலிருக்கிறது என்று இன்னும் வேகமாக இறக்கினேன்.

"இறுக்குன்னுதானே கத்தினேன்! ஏன் இறக்கினீங்க?" தரையில் கால் பட்டதும் டீச்சர் வெடித்தார்.

"இறக்குன்னுதான் கேட்டுச்சு" என்றேன். இதில் பொய்யே இல்லை.

தண்ணீரோடு வந்து சேர்ந்த சகலை விழுந்து விழுந்து சிரித்தார். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் உச்சரிப்பு சொல்லித் தர்றீங்க. ஒரு உகரம் வாயில வரலையா டீச்சர்?"

டீச்சர் சிரிக்கவில்லை. "பதட்டத்துல நான்தான் சரியா சொல்லலை போல" என்றார். குரல் உள்ளே போய்விட்டது. இருபத்திரண்டு வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கல்லுளிமங்கன் மாதிரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடல். சகலை ஒற்றையாள் கயாக் படகில் வெகுதூரம் முன்னால் போய்விட்டார். இரண்டு பேர் படகில் டீச்சர் முன்னால், நான் பின்னால். முதுகுக்கு உதடு கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. துடுப்புப் போட்டபடியே டீச்சர் நெடுநேரம் ஏதோ பேசினார். நான் இடம் பார்த்து "ஆமா, ஆமா" போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் குரல் உயர்ந்து நின்றது. கேள்வி போலிருக்கிறது என்று, "ஆமா, ஆமா. அதான் சரி" என்று தாராளமாக ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டேன்.

துடுப்பு நின்றது. டீச்சர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"பாறை ஏறுறதையே விட்டுடட்டுமான்னு கேட்டேன். அதான் சரிங்கறீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, எனக்குக் கேக்கலை டீச்சர்."

"என்னது?"

"காது கேக்கறதில்ல. ஆறு மாசமாச்சு. நேத்து நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க. தப்பு என் காதுல."

"ஆறு மாசமாவா? இந்தக் காதை வச்சுக்கிட்டா என் கயித்தப் பிடிச்சீங்க?"

"ஆமா." இந்த முறை ஒரே ஒரு ஆமாதான்.

"உங்களை நம்பித்தானே கீழயே பார்க்காம ஏறினேன்" என்றார். அதற்குப் பிறகு கரை வரும்வரை பேசவில்லை. பேசியிருந்தாலும் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை முதல் வேலையாகக் காதுக் கருவியை மாட்டினேன். பரிசோதனை நாற்காலி இத்தனை நாளும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை கயிறு சகலையின் இடுப்புக்குப் போய்விட்டது. காது விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது. தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் உட்கார்ந்தேன். வலித்தது, மறைப்பானேன்? டீச்சர் ஏறினார். அதே இடம், அதே இரண்டு கை தூரம்.

"இறுக்கு!"

உகரம் அட்சர சுத்தமாக வந்து விழுந்தது. சகலை இறுக்கினார். டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கை வைத்தார், மறு கை வைத்தார், வளையத்தைத் தொட்டுவிட்டார். நான் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

வளையத்தில் தன்னை மாட்டிக்கொண்டு டீச்சர் கீழே எட்டிப் பார்த்தார். "நங்கூரம்! கேக்குதா?"

"ஆமா, ஆமா!"

"அந்த ஆமாவை நம்ப மாட்டேன். என்ன சொன்னேன்?"

"'நங்கூரம், கேக்குதா'ன்னீங்க!"

"அப்ப அவர்கிட்ட கயித்த வாங்குங்க. நீங்களே இறக்குங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே!"

இடுப்புக் கருவியில் கயிற்றை மாட்டினேன். சகலை இரண்டு முறை இழுத்துச் சரிபார்த்தார். மேலேயிருந்து குரல் வந்தது: "இறக்கு!"

"'ற'வா, 'று'வா டீச்சர்?" என்று கத்தினேன். பதில் வந்த பிறகுதான் இறக்கத் தொடங்கினேன்.