ஒரு நிமிடம் ஓடிய நூறு வீடியோக்கள்

பூந்தமல்லி பக்கம், கலை அறிவியலோடு நர்சிங்கும் நடத்தும் ஒரு கல்லூரியில் நான் நூலகர். இணையத்தில் ஓடும் பாட வீடியோக்களை நூலகத்துக்கு எடுக்கலாம் என்று முதலில் சொன்னதும் நான்தான், முதல்வர் அறையில் பிடிவாதம் பிடித்ததும் நான்தான். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, அந்த ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்த ஒரே ஆள் நான். புத்தகம் போல இது சொந்தமாக வராது, குத்தகைதான். பட்டியலில் உள்ள எல்லாமே கண்ணுக்குத் தெரியும். யாராவது ஒன்றை ஒரு நிமிடம் ஓடவிட்டால் அது ஓராண்டுக்கு நமது. எங்களுக்கு நூறு வீடியோ. நூறு ஆனதும் மீதியெல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ளும். இதை ஆசிரியர்களுக்கு நான் பாடமாகவே எடுத்தேன்.

நர்சிங் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விடுவதை, செய்து காட்டும்போது கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து யார் கற்றுக்கொள்ள முடியும்? திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் தன் கை நடுங்காது என்று பாடி பகுதியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி என்னிடம் சொல்லியிருந்தாள். வீடியோக்கள் திங்கட்கிழமை திறந்துவிடும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

சரிபார்க்காமல் எதையும் வெளியே விடும் பழக்கம் எனக்குக் கிடையாது. புத்தகம் வந்தால் பிரித்து, முத்திரை இருக்கிறதா, எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியப் பக்கத்தில் எண் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுக்குவேன். சனிக்கிழமை மதியம் அதே பழக்கத்தோடு வீடியோக்களிலும் இறங்கினேன். படம் தெரிகிறதா, சத்தம் கேட்கிறதா, ஒரு டிக். வேளாண்மை, தொல்லியல், வங்கி, தேனீ வளர்ப்பு என்று ஆங்கில அகரவரிசையில், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல். ஒரு கட்டத்துக்கு மேல் எதுவும் திறக்கவில்லை. இணையம் படுத்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கள் காலை அந்த மாணவி வந்து நின்றாள். நர்சிங் வீடியோ அத்தனையும் பூட்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு நூறையும் நானே தீர்த்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் மழுப்பவில்லை. முதல்வரிடமும் வகுப்பிலும் என் தப்புதான் என்று நேராகச் சொன்னேன். வீடியோ கொடுத்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். உங்கள் பதிவைப் பாருங்கள், ஒரே கணினி, ஒரே மதியம், அகரவரிசை, மனிதர் யாரும் இப்படிப் படம் பார்க்க மாட்டார்கள் என்று. அவர்கள் மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை போன் வந்தது. இந்த ஒரு தடவை அந்த நூறையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களாம்.

அன்றே அவளைக் கூப்பிட்டு என் கணினியில் குழாய் வீடியோவைத் திறந்து கொடுத்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்:

“நூறையும் நீங்களே பாத்துட்டீங்களாமே மேடம். ஒண்ணாவது நல்லா இருந்துச்சா?”

எத்தனையோ வருடமாகப் புத்தகங்களைத் திறந்து, எண் பார்த்து, மூடி வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நூறில் ஒன்றுகூட என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழாய் வயிற்றில் இறங்கும்வரை பார்த்தோம். அவள் முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.