நூல் பெட்டி சொன்ன பலம்

எலும்பு முறிவு வார்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. கிரேன் என்பார்கள். வயதில் சின்னவர்கள் கிரேன் அக்கா என்பார்கள். அவ்வளவு பெரிய உருவமா என்றால் அதுவும் இல்லை. நடுத்தர உயரம், கொஞ்சம் அகலமான தோள், எப்போதும் முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட சட்டைக் கை. ஆனால் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து எக்ஸ்ரே மேஜைக்கு, மேஜையிலிருந்து மறுபடி படுக்கைக்கு என்று இத்தனை வருஷத்தில் அவள் தூக்கி இறக்கியவர்களை வரிசையாக நிற்க வைத்தால் ஒரு ஊரே கூடிவிடும். அதில் பாதிப் பேரால் நிற்க முடியாது என்பது வேறு விஷயம்.

அவள் தூக்குகிற விதமே தனி. கையை அடியில் கொடுத்துவிட்டு ஒன்றும் செய்யாதவள் போல நிற்பாள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது, வாயில் ஒரு முனகல் இருக்காது. உடம்பு மெத்தையை விட்டுக் கிளம்பியதே பல பேருக்குத் தெரியாது. உடைந்த எலும்புக்குச் சேதி போகாமல் உடம்பைக் கிளப்பிவிட வேண்டும் என்று ஏதோ ரகசிய வேலை செய்கிறவள் மாதிரி சொல்வாள்.

வீட்டிலும் அதே கைதான். தண்ணீர் வாளி, மிதியடி, தலையணை எதுவானாலும் சத்தமில்லாமல் கிளம்பும், சத்தமில்லாமல் இறங்கும். சைக்கிள் கடை வைத்திருக்கும் அவள் கணவருக்கு எல்லாம் டமால் டுமீல் என்று நடக்க வேண்டும். "நீ டீயை எடுத்து நீட்டறதுக்குள்ள அது ஆறி, ஏடு கட்டி, எனக்கு வயசாயிடுது" என்பார். அவள் சிரித்துக்கொள்வாள். வேகமாகச் செய் என்று யாராவது சொன்னால், செய்துகொண்டுதானே இருக்கிறேன் என்றுதான் அவளுக்குத் தோன்றும். நிஜமாகவே அப்படித்தான் தோன்றும், பாவம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வேறொரு வார்டில் ஓர் ஊழியர் நோயாளியைத் தூக்கப் போய், முதுகில் பிடித்துக்கொண்டு, நோயாளியோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாகப் பெரிய அடி இல்லை. ஆனால் நிர்வாகம் சும்மா இருக்குமா? ஆள் தூக்கும் வேலையில் இருக்கிற எல்லோருடைய பலத்தையும் அளக்க வேண்டும், எழுபது கிலோவாவது தூக்கத் திராணி இல்லாதவர்களை லினன் ரூமுக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள்.

லினன் ரூம் என்பது கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு பெரிய அறை. வெளுத்து வந்த விரிப்புகளை மடிக்க வேண்டும், அடுக்க வேண்டும், கேட்ட வார்டுக்குக் கொடுக்க வேண்டும். கஷ்டமான வேலை இல்லை. உட்கார ஸ்டூல்கூட உண்டு. ஆனால் கிரேனுக்கு அது ஆகாது. அவளுக்கு மனுஷர்கள் வேண்டும். திட்டுகிறவர், அழுகிறவர், மருமகளைப் பற்றிக் கோள் சொல்கிறவர், முதல் தடவை ஊன்றி நின்றதும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறவர், எல்லோரும் வேண்டும். விரிப்பிடம் என்ன பேசுவது?

பலத்தை அளக்கும் பொறுப்பு பிசியோதெரபிஸ்ட் பெண்ணுடையது. கண்ணாடி போட்ட, எப்போதும் அவசரத்தில் இருக்கிற, நல்ல மனசுக்காரி. சிகிச்சை அறையின் மூலையில் ஓர் இரும்புக் கம்பி, அதன் இரண்டு முனையிலும் எடைத் தட்டுகள். பக்கத்தில் தரையில் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து மெல்லிய நூல் ஒன்று வெளியே வந்து கம்பியில் கொக்கி போட்டு மாட்டியிருந்தது.

"முழு கனத்தையும் தூக்கச் சொன்னா யாராவது இடுப்பைப் பிடிச்சுக்குவீங்க. அதுக்குத்தான் இந்தப் பெட்டி" என்று அவள் விளக்கினாள். "கம்பியில நாப்பது கிலோதான் மாட்டியிருக்கேன். அது மேல போகும்போது நூல் எவ்வளவு வேகமா வெளிய வருதுன்னு இது அளக்கும். சர்ருனு போச்சுன்னா நாப்பது உங்களுக்குத் தூசு. மெதுவாப் போச்சுன்னா அதுவே உங்களுக்கு ரொம்ப அதிகம். அதை வெச்சு, அதிகபட்சமா எவ்வளவு தூக்குவீங்கன்னு கணக்குப் போட்டுச் சொல்லிடும். அதனால முடிஞ்ச அளவு வேகமாத் தூக்கணும், சரியா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். கிரேனும் ஆட்டினாள்.

அவளுக்கு முன்னால் நின்றவள் குச்சி என்று பெயர் வாங்கிய புது ஊழியர். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கம்பியை வெடுக்கென்று பிடுங்கினாள். நூல் விர்ரென்று ஓடியது. பெட்டியோடு இணைத்த திரையில் எண்பத்தொன்று என்று வந்தது.

"அய்யய்யோ, நானா?" என்று குச்சியே வாயைப் பிளந்தாள். "நான் வீட்டுல தண்ணி கேனை உருட்டித்தானே அக்கா கொண்டு போவேன்!"

அடுத்தது கிரேன். குனிந்தாள், பிடித்தாள். கம்பி கிளம்பியதே தெரியாமல் கிளம்பி, இடுப்புக்கு வந்து, நின்று, இறங்கி, தரையைத் தொட்டது. தட்டுகள் ஒன்றோடொன்று உரசக்கூட இல்லை. திரையில் ஐம்பத்திரண்டு.

யாரோ ஒருவர், "கிரேன் ரிப்பேர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, யாரும் சிரிக்காததைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிசியோதெரபிஸ்டுக்கும் சங்கடம். "அடுத்த வாரம் இன்னொரு தடவை பாப்போம் அக்கா" என்றாள்.

பெட்டி பொய் சொல்லும் என்று கிரேனுக்குத் தோன்றவே இல்லை. தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். அன்று யாரைத் தூக்கினாலும் பயம். ஐம்பத்திரண்டுதான் என்றால் இத்தனை நாளும் இவர்களையெல்லாம் யார் தூக்கிக்கொண்டிருந்தது?

கணவருக்கு விஷயம் தெரிந்ததும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எந்தப் பெட்டி அது? எங்கிட்டக் கொண்டா, பிரிச்சு மேஞ்சிடறேன்." கோபம் அடங்கியதும் காரியத்தில் இறங்கினார். ஓர் இரும்புக் குழாயின் இரண்டு பக்கமும் மணல் நிரப்பிய வாளிகளைக் கட்டினார். ஒரு சைக்கிள் மணியின் மூடியைக் கழற்றி, அதையும் ஒரு நட்டையும் குழாயின் நடுவில் தொங்கவிட்டார்.

"வேகமாத் தூக்கினா நட்டு அடிச்சு மணி சத்தம் கேக்கும். உன் பாணியில தூக்கினா கேக்காது. எங்க, அடி பாப்போம்!"

மணி அடிக்கவில்லை. அவள் தூக்கினாள், இறக்கினாள், தூக்கினாள். நட்டு பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, வேகமாத்தானே தூக்கறேன்?"

"இதுவா வேகம்? பஞ்சர் ஒட்ட வந்த ஆளு உன்னைப் பாத்துட்டு, அம்மா ஏன் அப்படியே நிக்கறாங்கன்னு கேட்டுட்டுப் போறான். திருடன் கையிலேருந்து பையைப் பிடுங்கற மாதிரி பிடுங்கு!"

தினமும் சாயங்காலம் கடையை மூடிவிட்டு இதே கூத்து. பிடுங்கு, பிடுங்கு என்று அவர் கத்த, இவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்க, கடைசியில் ஒருநாள் மணி டிங் என்றது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் டிங். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நீ பாஸ்" என்று கத்தி, தெருவில் போன நாயைக்கூட மிரள வைத்தார். அவளுக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. மனுஷர்கள் நடுவே இருக்கலாம், அது போதும்.

மறுநாள் காலை கணக்கு வாத்தியாரை நாற்காலிக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஓய்வு பெற்றவர், குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்திருந்தது. வார்டில் அவருக்குப் பிடித்தது எதுவும் கிடையாது. தலையணை சரியில்லை, மின்விசிறி சரியில்லை, டாக்டர் சரியில்லை. கிரேனை மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் அகராதியில் அதுதான் பாராட்டு.

அவள் எப்போதும் போலக் கையை அடியில் கொடுத்தாள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருக்கிறது. சாயங்காலமெல்லாம் பழகிய கை, அவளைக் கேட்காமலே பிடுங்கிவிட்டது.

"அய்யோ!" என்று வாத்தியார் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். டாக்டர் வந்து பார்த்தார். எதுவும் நகரவில்லை, தையலும் பிரியவில்லை, வலி மட்டும்தான் என்றார். வலி மட்டும்தானாம். வாத்தியாருடைய கண்ணோரத்தில் தண்ணீர் நின்றது. அந்த மனிதர் வலியில் அழுது அவர் மகன்கூடப் பார்த்திருக்கமாட்டான். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இந்தம்மா இனிமே என்னைத் தொட வேண்டாம்" என்றார்.

கிரேன் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதாள். கை இரண்டையும் மடியில் வைத்து, யாருடையதோ கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

மறுபரிசோதனை நாள் வந்தது. கம்பி, நாற்பது கிலோ, நூல், பெட்டி எல்லாம் தயார். கிரேன் கம்பியின் பக்கத்தில்கூடப் போகவில்லை.

"என்னை லினன் ரூமுக்கே அனுப்பிடுங்கம்மா" என்றாள்.

"தூக்கவே இல்லையே, அதுக்குள்ள என்ன?"

"பெட்டிக்குப் பிடிக்கிற மாதிரி தூக்கக் கத்துக்கிட்டேன். அந்தக் கையோட போய் ஒரு மனுஷனை அழ வெச்சுட்டேன். அப்படித் தூக்கினாத்தான் வார்டுல இருக்கலாம்னா, எனக்கு வார்டு வேண்டாம்." வார்டு வேண்டும் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

பிசியோதெரபிஸ்ட் கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். "அக்கா, போன வாரம் நீங்க தூக்கினது உங்க முழு வேகம் இல்லையா?"

"முழு வேகம்னுதான் நெனச்சேன். வீட்டுக்காரர் மணி கட்டிக் காட்டின பிறகுதான் இல்லைன்னு தெரிஞ்சுது."

"அடக் கடவுளே" என்று அவள் தலையில் கை வைத்தாள். "பெட்டி வேகத்தைச் சரியாத்தான் அளந்திருக்கு. ஆனா ஆள் முழு மூச்சாத் தூக்கியிருக்கார்ங்கற நம்பிக்கையிலதான் மீதிக் கணக்கைப் போடுது. நீங்க மெதுவாத் தூக்கினது முடியாமன்னு அதுக்கு அர்த்தம். யாராவது வெடுக்குன்னு பிடுங்கினா, இல்லாத பலத்தையும் சேத்துச் சொல்லிடும். அன்னைக்கு அவ்வளவு பேர் வரிசையில நின்னாங்களா, நானும் நம்பரைப் பாத்தேனே தவிர ஆளைப் பாக்கல." கொஞ்சம் யோசித்தாள். "நீங்க உங்க பாணியிலேயே தூக்குங்க. நான் கொஞ்சம் கொஞ்சமாக் கனத்தைக் கூட்டறேன். முதுகு வளைஞ்சா அங்கேயே நிறுத்திடுவேன்."

ஐம்பது வைத்தாள். கம்பி தெரியாமல் கிளம்பியது, தெரியாமல் இறங்கியது. அறுபது. எழுபது. அதற்குள் கதவோரம் ஆள் கூடிவிட்டது. குச்சி எல்லோருக்கும் முன்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எண்பது வைத்தபோது, போன வாரம் கிரேன் ரிப்பேர் என்று சொன்னவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

எண்பதும் கிளம்பியது. நாற்பது எப்படிப் போனதோ ஏறக்குறைய அதே நடையில், அதே முகத்தோடு, இடுப்பு வரை வந்து நின்றது. முதுகு பலகை மாதிரி நேராக இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் திரையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "பெட்டி இப்ப என்ன சொல்லுது தெரியுமா அக்கா? நூத்துக்குக் கொஞ்சம் கம்மியாம்! ஒரே வாரத்துல உங்க பலம் ரெண்டு மடங்காயிடுச்சாம்!"

"இறக்கட்டுமாம்மா?" என்றாள் கிரேன். இன்னும் எண்பது கிலோவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"அய்யோ, இறக்குங்க, இறக்குங்க!"

ஐம்பத்திரண்டும் இல்லை, நூறும் இல்லை, கண்ணால் பார்த்த எண்பதைத்தான் பிசியோதெரபிஸ்ட் எழுதி அனுப்பினாள். மற்றவர்களையும் இதே மாதிரி மறுபடி பார்க்கப் போவதாகச் சொன்னதும் குச்சியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "பயப்படாத. நீ கால் பக்கம் பிடி, நான் தலைப் பக்கம் பாத்துக்கறேன்" என்று கிரேன் அவள் தோளில் தட்டினாள்.

வார்டு நிலைத்துவிட்டது. ஆனால் வாத்தியார் இருக்கிறாரே! அன்றிலிருந்து அவரை இரண்டு ஆண் ஊழியர்கள் தூக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் முனகுவதும் பல்லைக் கடிப்பதும் வார்டின் மறுகோடி வரை கேட்கும். கேட்கும்போதெல்லாம் கிரேனுக்கு நெஞ்சில் முள் தைத்தது. ஆனாலும் தொட வேண்டாம் என்று சொன்னவரிடம் எப்படிப் போவது?

ஒரு காலை அந்த இரண்டு பேரும் அறுவை சிகிச்சை அறையில் மாட்டிக்கொண்டார்கள். வாத்தியாருக்கோ நடைப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. கிரேன் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"சார், நான் தூக்கட்டுமா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கு உனக்கு என்னம்மா ஆச்சு?"

"பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன் சார். தப்பாப் படிச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

"தேறினியா?"

"தேறிட்டேன். படிச்சதை மறந்த பிறகுதான் தேறினேன்."

வாத்தியாரின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. "சரி, வா. ஆனா சொல்லிட்டுத் தூக்கணும். திடீர்னு எதுவும் கூடாது." கண்களை இறுக மூடிக்கொண்டார். கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்து அவள் தோளைப் பற்றிக்கொண்டார்.

"தூக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கிரேன் கையை அடியில் கொடுத்தாள்.

"ம், நான் தயார்" என்றார் வாத்தியார், கண்ணைத் திறக்காமல். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் பழைய எரிச்சலோடு கேட்டார். "ஏம்மா, இன்னும் எத்தனை நேரம் இப்படியே உயிரைக் கையில பிடிச்சிட்டுப் படுத்திருக்கறது? தூக்கறதுன்னா தூக்கு."

"நாற்காலியில உக்கார வெச்சாச்சு சார்" என்றாள் கிரேன். "காலை மட்டும் இந்தப் பலகை மேல வெச்சுக்கோங்க."