சால்வை வாங்கும் சாமித்துரை

கோவில்பட்டியில் எம்.எல்.ஏ. அமுதவள்ளிக்கு யார் சால்வை போட்டாலும் அது அவர் தோளில் தங்குவது ஒரு மூச்சு நேரம்தான். போட்டோ எடுத்த கையோடு பின்னாலிருந்து ஒரு கை நீளும், சால்வை காணாமல் போகும். அந்தக் கைக்குச் சொந்தக்காரர், எம்.எல்.ஏ. கூடவே போய்வருகிற சாமித்துரை. பேப்பரில் எம்.எல்.ஏ. படம் வந்தால் ஓரத்தில் அரை மீசை தெரியும் பாருங்கள், அது அவருடையதுதான். முழு மூஞ்சி ஒரு நாளும் வந்ததில்லை.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் அந்த வேலையை அத்தனை நறுவிசாகச் செய்வார். போட்டவர் மனம் கோணாமல் உருவுவார், மடிப்புக் கலையாமல் பைக்குள் வைப்பார். சாயங்காலம் பையோடு பெரியாஸ்பத்திரிக்குப் போவார். பிறந்த பிள்ளைக்கு விரிக்க ஒன்று, கவனிக்க ஆளில்லாமல் கிடக்கிற கிழவருக்குப் போர்த்த ஒன்று என்று கொடுத்துவிட்டு, வெறும் பையை உதறி மடித்துக்கொண்டு வீடு திரும்புவார். இத்தனை வருஷத்தில் ஒரு சால்வையாவது அவர் வீட்டுப்படி ஏறியிருக்குமா? ஏறாது. "ஊர்க்காரங்க போட்டது நமக்கெதுக்கு?" என்பார்.

அதுவரைக்கும் சரி. அதே வீம்பைத் தெருத் தண்ணீர் விஷயத்திலும் காட்டினாரே, அங்கேதான் எனக்கு அவர்மேல் கோபம் வரும்.

அவர் குடியிருப்பது மேட்டுத்தெருவின் கடைசியில். குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று வரும், தண்ணீர் வராது. கரிசல் மண் கோடைக்கு வெடிக்கும், மழைக்கு உப்பும். நடுவில் மாட்டிக்கொண்ட பைப்பு என்ன செய்யும், பாவம்? ஜாயிண்ட் ஜாயிண்டாக விட்டுக்கொண்டது. அவர் மனைவி பெத்தம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து வந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போய், அங்கே ஏச்சும் வாங்கிக்கொண்டு தண்ணீர் சுமந்து வருவாள். முழங்கால் வீங்கிப்போனது.

"ஊர்ல உள்ள குழாயெல்லாம் நீங்க நின்னுதான் திறக்குதீங்க. நம்ம தெருவுக்கு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"ஏட்டி, நமக்குன்னு ஒண்ணு கேட்டுட்டா அப்புறம் அடுத்தவங்களுக்காக வாயத் தொறக்க முடியாது. தன் காரியத்துக்குத்தான் பின்னால நிக்கான்னு பேசுவாங்க."

"பேசட்டும். ஒங்களுக்கு நல்ல பேரு, எனக்கு முழங்கால் வலி. நல்லா இருக்கு நியாயம்!"

எதிர்வீட்டு இஞ்ஞாசியம்மாள் அதற்கும் மேலே. "ஏ பெத்தம்மா, ஒங்க வீட்டுக்காரர் வாங்குத சால்வையைப் பிழிஞ்சு பாரேன், ரெண்டு சொட்டாவது வருதான்னு!" என்று தெருவே கேட்கச் சொல்வாள். சாமித்துரை காது கேட்காதவர் மாதிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்.

போன வருஷம் கீழத்தெருவில் புதுத் தண்ணீர்த் தொட்டி திறந்தார்கள். மேளம், மைக் செட், மாலை மரியாதை, எல்லாம் தடபுடல். அமுதவள்ளி பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கும்போது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு காலிக் குடங்களோடு பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் நிற்பது பெத்தம்மாள்.

அவள் புருஷனை ஏறிட்டும் பார்க்கவில்லை. "எங்க தெருவுல நின்னு பாத்தா இந்தத் தொட்டி நல்லாத் தெரியுதும்மா. தண்ணியத்தான் கண்ணால காங்கல" என்றாள்.

"எந்தத் தெரு?"

"மேட்டுத்தெரு."

எந்தச் சந்து எங்கே முடிகிறது என்பதை அமுதவள்ளிக்குச் சொல்பவர் சாமித்துரைதான். பழக்கத்தில் அமுதவள்ளி பின்னால் திரும்பினார். "அண்ணாச்சி, அங்கன நெசமாவே தண்ணி வரலையா?"

தெரியாது என்றால் தப்பித்துக்கொள்ளலாம். ஆமாம் என்றால், பெண்டாட்டியை ஏவிவிட்டு விழாவைக் கெடுத்தான் என்று கதை கட்டிவிடுவார்கள். எம்.எல்.ஏ.வே அதை நம்பிவிட்டால்? சாமித்துரை பெத்தம்மாளைப் பார்த்தார். வீங்கின காலை ஊன்ற முடியாமல் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

"வரலை மேடம். ரொம்ப வருஷமா வரலை. நான் குடியிருக்கிற தெருதான். இவ என் வீட்டுக்காரி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அமுதவள்ளி சிரிக்கவில்லை. "நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் சாமித்துரை எப்போதும்போல எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனார். "மேடம் அப்பவே கிளம்பிட்டாவளே!" என்றார் வாட்ச்மேன். அவரை விட்டுவிட்டு ஒரு நாளும் கிளம்பியதில்லை. போச்சு, எல்லாம் போச்சு. சைக்கிளில் ஏறாமல் வீடுவரை உருட்டிக்கொண்டே வந்தார்.

மேட்டுத்தெரு முனையில் எம்.எல்.ஏ. கார் நின்றது. குழாயடியில் அமுதவள்ளியும் நகராட்சி இன்ஜினியரும் நிற்க, பெத்தம்மாள் கையை நீட்டி நீட்டி விளக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. ஒங்களக் கூட்டிட்டு வந்தா ஒரு குறையும் இல்லைன்னு சமாளிச்சிருவீங்க. அதான் தனியா வந்தேன்" என்ற அமுதவள்ளியின் குரல் தணிந்தது. "எம் பின்னால நிக்கிற மனுஷன் வீட்ல தண்ணி இல்ல. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. நேத்து எனக்கு எம்மேலதான் கோவம்."

சாமித்துரை சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "நான் சொல்லியிருக்கணும் மேடம்" என்றார்.

அதற்காக மறுநாளே தண்ணீர் வந்துவிடுமா? பைல் ஊர்ந்தது, காண்டிராக்டர் இழுத்தடித்தார், அமுதவள்ளி போனில் சத்தம் போட்டார். ஒருவழியாக மண் அசைந்தாலும் வளைந்துகொடுக்கிற கறுப்புப் பைப்பைப் பதித்தார்கள். குழாய் திறக்கிற அன்றைக்கு மேடை கிடையாது, மைக் கிடையாது. தெருக்காரர்கள் அமுதவள்ளிக்கு ஒரு சால்வை போட்டார்கள். சாமித்துரையின் கை தன்னால் நீண்டது. அமுதவள்ளி அந்தக் கையைத் தட்டிவிட்டு, சால்வையைக் கழற்றி அவர் தோளிலேயே போர்த்திவிட்டார்.

தெரு கைதட்டி முடிப்பதற்குள் சாமித்துரை அதை உருவி, மடித்து, பின்னால் நீட்டிவிட்டார். பழக்கம்! வாங்குவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? இடுப்பில் நிறைகுடத்தோடு பெத்தம்மாள்தான் நின்றாள்.

ஒற்றைக் கையால் அதை உதறி அவர் தோளில் திரும்பவும் போட்டாள். "ஆஸ்பத்திரிக்கு நாளைக்குக் குடுத்துக்கிடலாம். இன்னைக்கு இது நம்ம வீட்டுக்கு வரட்டும்."

சாமித்துரை அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கித் தன் தோளில் ஏற்றினார். குடம் தளும்பித் தளும்பி, நாலு எட்டு வைப்பதற்குள் சால்வை தொப்பலாக நனைந்துவிட்டது.

"ஏ பெத்தம்மா, இப்பப் பிழிஞ்சு பாரு!" என்று கத்தினாள் இஞ்ஞாசியம்மாள்.