தகப்பன் பெயர் கட்டாயம்

இன்று ஜெயபுரத்திலிருந்து ஒரு பெண் கிளிநொச்சியிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க நாங்கள் செய்த இணையப் பக்கம் அவள் அனுப்ப அனுப்ப நின்றுபோகிறதாம்.

பார்த்தேன். தகப்பன் பெயர் வெறுமையாக வந்தால் பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்ட் பிழை கொடுக்கிறது.

"அப்பா ஆரெண்டு எனக்குத் தெரியாது, அக்கா."

உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன். சிரித்தார்.

"அப்பன் பேர் தெரியாததுகளுக்காக ஸ்கிரிப்டை மாத்தேலாது. பிழையை மறைச்சிட்டு, 'நன்றி, கிடைத்தது' எண்டு காட்டு."

"அப்ப விண்ணப்பம்?"

"எங்கையும் போகாது. அவள் சந்தோசமா வீட்டை போவாள்."

வெளியே வந்து அவளிடம் உள்ளதைச் சொன்னேன். விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். அவள் அழவில்லை.

"உங்கட முதலாளியின்ர பேர் என்ன, அக்கா?"

சொன்னேன். அதையே தகப்பன் பெயராக அடித்தாள். பக்கம் உடனே ஏற்றுக்கொண்டது.

முதலாளிக்கு மகள் கிடைத்த செய்தியை யார் போய்ச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.