பின்னால் செருகியிருந்தது

கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மூணு தடவை' என்றால் அவள்தான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். ஒரு பென்டிரைவை அழித்து, அதில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி, அதை வைத்துப் படுத்துக்கிடக்கிற கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டுமா? 'தொடங்கு' பொத்தானை அமுக்குவதற்கு முன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவாள். திரையில் தெரியும் டிரைவின் எழுத்தையும் அளவையும் வாய்விட்டு மூன்று தடவை வாசிப்பாள். "மந்திரம் ஓதியாச்சா?" என்று முதலாளி கிண்டலடிப்பார். அடித்துவிட்டுப் போகட்டும். பயம் அவருக்கா இருக்கிறது?

அந்தப் பயத்துக்கு வயது ஒன்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டடப் படம் வரைகிற ஒருவருடைய ஆறு மாத உழைப்பை ஒரே அமுக்கில் துடைத்துவிட்டாள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைப் படியில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டித் தொலைத்திருந்தால் இவள் மறந்தாவது போயிருப்பாள். அன்றிலிருந்து தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டாள்: வேலைக்கு முன் செருகியிருப்பதை எல்லாம் உருவிவிட வேண்டும், பிறகு மூன்று தடவை வாசிக்க வேண்டும்.

அன்று காலை அவள் போனது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக்கு. தொண்டையில் ஆபரேஷன் நடந்து, அவருக்குக் குரல் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆபரேஷனுக்கு முன் மூன்று வாரம், மனைவி எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு நானூற்றுச் சொச்சம் பேச்சுகளைப் பதிவு செய்து வைத்திருந்தார். 'தண்ணி', 'போதும்', 'சாப்பிட்டியா', இப்படி. 'தெரியாம சொல்லிட்டேன்' என்பதை மட்டும் அந்த அம்மாள் ஐந்து விதமாகச் சொல்ல வைத்தாராம், ஆயுசுக்கும் தேவைப்படும் என்று. கம்ப்யூட்டரில் பொத்தானைத் தட்டினால் அவர் குரலே பேசும். அந்தக் கம்ப்யூட்டர்தான் முந்தாநாள் படுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் அடியோடு போச்சு. இவள் போனதும் முதல் வேலையாகப் புது டிஸ்க் மாட்டினாள்.

"உங்க பதிவெல்லாம் வேற எங்கயாவது இருக்கா சார்?"

அவர் பென்சிலால் எழுதிக் காட்டினார். 'பென்டிரைவில் பத்திரமா இருக்கு.'

"அப்பாடா. அப்ப கவலையில்ல."

பக்கத்து மேஜையில் அவர் மனைவியின் கம்ப்யூட்டர் இருந்தது. பென்டிரைவைத் தயார் செய்ய அதில் உட்கார்ந்தாள். முன்பக்கத்தில் தொங்கிய சார்ஜர் வயர், கார்டு எல்லாவற்றையும் உருவினாள். பெட்டியின் முதுகு சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தன்னுடைய பதினாறு ஜிபி பென்டிரைவைச் செருகி, மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பதினாறு என்று விற்பது திரையில் பதினாலு சொச்சம்தான் காட்டும்.

"E. பதினாலு புள்ளி நாலு."

பின்னால் டொக் டொக் என்று மேஜை தட்டும் சத்தம் கேட்டது.

"E. பதினாலு புள்ளி நாலு."

டொக் டொக் டொக். தட்டாத வாடிக்கையாளரை அவள் பார்த்ததே இல்லை. "கொஞ்சம் பொறுங்க சார், அவசரப்படுத்தினா எனக்குக் கை ஓடாது" என்றாள், திரும்பாமலே. மூன்றாவது தடவையும் வாசித்தாள். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. சரி என்று அமுக்கினாள்.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தபோது ஒரு தாள் அவள் முகத்துக்கு நேராக நீண்டது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. 'பின்னாடி என்னோடது இருக்கு.'

தான் செருகியதைப் பார்த்தாள். அவளுடைய பென்டிரைவில் நீல விளக்கு ஒன்று உண்டு, எழுதும்போது மினுக்கும். அது மினுக்கவே இல்லை. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டாள். விரலில் ஒரு குட்டிப் பென்டிரைவ் தட்டுப்பட்டது. சூடாக இருந்தது. நான்கு சதவீதத்தில் நிறுத்தினாள்.

இரண்டும் ஒரே அளவு. பதிவுகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்க அவர் காலையில் அதைப் பின்னால் செருகியவர், எடுக்க மறந்திருக்கிறார். எல்லாவற்றையும் உருவியாச்சு என்ற தைரியத்தில் வேறு டிரைவ் ஏதும் இருக்கிறதா என்று இவள் திரையில் டிரைவ் பட்டியலைத் திறந்தே பார்க்கவில்லை. தப்பானதையே மூன்று தடவை சத்தமாக வாசித்திருக்கிறாள். அதைத் தடுக்கத்தான் அந்த மனிதர் மேஜையைத் தட்டியிருக்கிறார், கத்த முடியாமல்.

"சார்... உங்களோடத அழிச்சிட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். குனிந்து தன் காலையே பார்த்தார். ஐயோ, இவருமா? இவர் திட்ட நினைத்தாலும், திட்டு எல்லாம் அதற்குள்தானே இருந்தது.

அழுவதற்கு நேரமில்லை. புதிதாக எழுதிய இடம் போனது போனதுதான், அதற்கு அப்பால் பழையது ஒட்டிக்கொண்டிருக்கலாம். அழிந்ததைத் தேடியெடுக்கும் புரோகிராமை ஓடவிட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டினாள். சமையலறையில் பாத்திரம் உருண்டது. மெக்கானிக் உதட்டில் விரலை வைத்து அந்தப் பக்கம் ஜாடை காட்டினார். மனைவியிடம் சொல்லிவிடாதே என்று அர்த்தம்.

நாற்பது நிமிஷம் இரண்டு பேரும் மூச்சுவிடப் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரு பட்டியல் வந்தது. பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்கள். உள்ளே குரல் இருக்கிறதா, குப்பை இருக்கிறதா என்பது திறந்தால்தான் தெரியும். முதலாவதைத் தட்டினாள். கர்ர் என்றது. இரண்டாவதும் கர்ர்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவதைத் தட்ட அவளுக்கு விரல் எழவில்லை. எப்படியோ தட்டினாள்.

"ஏய், இங்க கொஞ்சம் வாயேன்."

கனத்த குரல். கொஞ்சம் குறும்பும் இருந்தது. இவரிடமிருந்து அவள் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

"வரேன், வரேன்! கை ஈரமா இருக்குல்ல?" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

மெக்கானிக்கின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா, சத்தமில்லாததால் தெரியவில்லை. அந்த அம்மாள் துண்டில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். "என்ன, சரியாயிடுச்சா? எதுக்குக் கூப்பிட்டீங்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிட அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் மவுஸை அவள் கையிலிருந்து வாங்கி, அதே எண்ணை மறுபடி தட்டினார்.

"ஏய், இங்க கொஞ்சம் வாயேன்."

"வந்துதானே நிக்கறேன்! இதுக்கு மேல எங்க வர?" என்றார் அந்த அம்மாள்.