கத்தியின் வாயில் வைத்த பொட்டு

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் தம்பியாகிய நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அக்கா நீடாமங்கலத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து, பட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தோல் பை தைக்கும் கடைக்கு வேலைக்குப் போனார். "போயும் போயும் தோல் வேலையா?" என்று முகம் சுளித்தவர்கள் நம்மிடையே உண்டு. பிறகு அவர்களே கைப்பை கேட்டு வந்து நின்றதும் உண்டு. அக்கா யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

தோல் வெட்டும் கத்தி விஷயத்தில் மட்டும் அவர் பொல்லாதவர். பளபளப்பைப் பார்த்து வாங்கவே மாட்டார். இடக்கைக்காரர் என்பதால், ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த கடைக் கத்தி அவருக்கு ஒத்துவராது. கொல்லுப்பட்டறையில் உட்கார்ந்து, பழைய ரம்பத் தகட்டில் மறுபக்கம் சரிவு வைத்துத் தேய்த்து வாங்கினார். வெட்டும்போது கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தாலும் சாணைக்கல்லை எடுத்துவிடுவார். தீட்டியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பார். ஆயுத பூஜையன்று நான் பொட்டு வைக்கப் போனால், "பிடியில வைடா. வாயில ஈரம் பட்டா துரு தின்னுடும்" என்று கையைத் தட்டிவிடுவார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலையிலும் தீட்டினார். "வந்ததும் ஒரு பை வெட்டணும்டா" என்றார். வரவில்லை.

பதினாறாம் நாள் அவர் படத்துக்குப் பொட்டு வைக்கப் போனேன். "தாலி அறுத்தவளுக்குக் குங்குமம் எதுக்குடா? சந்தனம் போதும்" என்றார் பெரியம்மா. எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. குழைத்த குங்குமத்தை, படத்தின் முன் வைத்திருந்த அக்காவின் கத்தியில், அதுவும் வெட்டும் வாயிலேயே, ஆத்திரத்தோடு அப்பினேன். அப்படியே உறையில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன்.

போன வாரம் எடுத்துப் பார்த்தால் பொட்டு வைத்த இடத்தில் துரு. தேய்த்தால் போய்விடும் என்கிறார் கொல்லர். ஆனால் அக்கா கடைசியாகத் தீட்டிய கூரும் அதோடு போய்விடுமே! பீரோ முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். கையைத் தட்டிவிட இப்போது எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆஸ்பத்திரியில் அக்காவின் தலையைத் தாங்கித் தண்ணீர் புகட்டிய செவிலியருக்கும், இரவு பகலாகக் கூட இருந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. பெரியம்மா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் பக்கத்தில் அக்காவின் படத்தைப் பாருங்கள், நெற்றியில் குங்குமம் இருக்கும். இந்த முறை பொட்டை உரிய இடத்தில் வைத்துவிட்டேன்.